மணவறையின் பின்பக்கம்

ஹனோவர் நகர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கலியாணம் நடந்தால் மணவறை என்னுடையதாக இருக்கும், இல்லாவிட்டால் என்னுடையதைப் பார்த்துச் செய்ததாக இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் நகருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் அலுமினிய ஜன்னல் சட்டங்கள் பொருத்துகிறேன். சனி ஞாயிறில் ரெஜிபோம் வெட்டுகிறேன். தொலைக்காட்சிப் பெட்டி உடையாமல் இருக்கச் சுற்றிவர வைத்து அனுப்புவார்களே, அந்த வெள்ளைச் சாமான்தான். சூட்டுக் கம்பியை இழுத்தால் சத்தமில்லாமல் அறுபடும். தூண், யாளி, மயில், அன்னம், கலசம், தாமரை எல்லாம் அதில்தான் செய்வேன். மேலே தங்க வர்ணம் அடிப்பேன்.

எனக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு சாண் இடம்கூட வெறுமையாக விடக் கூடாது. மயிலுக்கும் தூணுக்கும் இடையில் கையகல இடைவெளி தெரிந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதில் ஒரு பூவையாவது ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

பின்பக்கம் மட்டும் வேறு கதை. முன்னால் கதிரைகளில் இருக்கிற சனத்துக்கு அது தெரியாது. அங்கே மரச்சட்டம், ஒட்டுநாடா, விளக்கு வயர்கள், மண்டபக்காரர் கட்டாயம் வைக்கச் சொல்லும் தீயணைப்புக் குடுவை, சில நேரம் யாரோ குடித்துவிட்டு வைத்த சோடாப் போத்தல் எல்லாம் கிடக்கும். எங்கள் வழக்கப்படி தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் கைபிடித்தபடி மணவறையை மூன்று தரம் சுற்றி வருவார்கள். அந்த மூன்று தரமும் அவர்கள் இந்தக் குப்பைக்குள்ளால்தான் போய் வருவார்கள். வயரில் கால் தடக்கும், பார்த்து வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன். அதற்குமேல் பின்பக்கத்தைப் பற்றி நான் யோசித்ததில்லை.

எனக்கு ஒரே ஒரு மகள். அவள் படித்தது பழைய கட்டடங்களின் அலங்காரங்களைத் திருத்திப் பாதுகாக்கிற படிப்பு. "என்ன படிக்கிறா?" என்று கேட்டவர்களுக்கு "பெரிய படிப்பு" என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு விளங்கிய அளவில் அது பூச்சு வேலை. படிப்பு முடிந்து, எர்லாங்கனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய ஊரில், பழைய தேவாலயம் ஒன்றின் திருத்த வேலையில் சேர்ந்தாள். அங்கேதான் மாப்பிள்ளையையும் கண்டுபிடித்தாள். பொடியன் தமிழ்நாடு, எர்லாங்கனில் பொறியியலாளர், வேலைக்குச் சைக்கிளில் போகிறவர். நல்ல பிள்ளை. குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கலியாணம் பேசி முற்றான உடனேயே நான் கராஜில் இறங்கிவிட்டேன். என் மகளின் மணவறை எப்படி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் எத்தனையோ வருடமாகக் கீறிவைத்திருந்தேன். எட்டுத் தூண், ஒவ்வொரு தூணிலும் இரண்டு யாளி, மேலே ஏழு கலசம், பின்னால் தோகை விரித்த மயில். அதைக் கடதாசியில் படமாகக் கீறி, ஒரு வார இறுதியில் வீட்டுக்கு வந்தவளுக்கு மேசையில் விரித்துக் காட்டினேன். அவள் தன் கைபேசியில் ஒரு படத்தை எடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு வெள்ளைத் தூண். மேலே நேராக ஒரு வெள்ளைச் சட்டம். அவ்வளவுதான்.

"எனக்கு இப்பிடித்தான் வேணும் அப்பா. தங்கம் வேண்டாம். மயில் வேண்டாம்."

"உது என்ன, பஸ் தரிப்பிடமோ?" என்றேன்.

மனைவி சிரித்துவிட்டா. மகள் சிரிக்கவில்லை. எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. ஊரில் உள்ளவன் பிள்ளைக்கெல்லாம் தங்கத்தில் கட்டிக் கொடுத்தவன் தன் பிள்ளையை வெள்ளைப் பலகைக்குக் கீழே இருத்துவதா? "அப்பிடியெண்டால் வேற ஆரையும் பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து கராஜுக்குப் போனேன்.

உண்மையில் எனக்குள் குடைந்தது வேறொன்று. அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், ஒரு நாள் மணவறைச் சாமான் ஏற்றுகிற வான் வண்டியில் அவளைக் கூட்டி வரப் போனேன். பின்கதவு பூட்டுப்படாமல் பொன் மயிலின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, இனி வானை அடுத்த தெருவில விடுங்கோ" என்றாள். நானும் அப்படியே விட்டேன். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை. இப்போது, பெரிய படிப்புப் படித்து, உண்மையான பழைய வேலைகளோடு பழகுகிறவளுக்கு அப்பனுடைய ரெஜிபோம் வெட்கமாகத்தானே இருக்கும்? இந்த ஒரு கேள்விதான் என்னைத் தின்றது. நேரே கேட்க வாய் வரவில்லை.

அந்த வார இறுதி முடிந்து திரும்பிப் போகும்போது அவள் கராஜ் வாசலில் நின்று சொன்னாள். "ஒருக்கா என்ர வேலையிடத்தைப் பார்க்க வாங்கோ அப்பா. பேந்து முடிவெடுங்கோ. ஆனால் மேல ஏறிறதுக்குத் தெர்மின் எடுக்க வேணும்."

பெற்ற மகளின் வேலையைப் பார்க்க அப்பன் முன்கூட்டியே நேரம் பதிந்து தெர்மின் எடுக்க வேண்டும். இந்த நாட்டில் இதுவும் நடக்கும் என்று மனைவிக்குச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் போய் இறங்கினேன். மனைவி வரவில்லை. "அப்பாவும் மகளும் சண்டை பிடிக்கிறதெண்டால் நான் இல்லாத இடத்தில பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டா. மகள் காரோடு நிலையத்தில் நின்றாள். தேவாலயம் வெளியில் இருந்து பார்க்க, மஞ்சள் பூசிய நெல்லுக் களஞ்சியம் மாதிரித்தான் இருந்தது. இதற்கோ இவ்வளவு படிப்பு என்று நினைத்துக்கொண்டு உள்ளே காலை வைத்தேன்.

வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது.

கூரை இல்லை. கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம் திறந்து கிடந்தது. சுவரில் ஏறிப்போன தூண்கள் நிற்காமல் மேலே மேலே போயின. தூண்களுக்கு மேலே மாடம், மாடத்துக்கு மேலே மேகம், மேகத்துக்குள் மனிதரும் தேவதைகளும் சுழன்று சுழன்று ஓர் ஒளிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு தேவதையின் கால் விளிம்பைத் தாண்டி எங்கள் தலைக்கு மேலே தொங்கியது. உற்றுப் பார்த்தால் உடம்பு வர்ணத்தில் கீறியது, கால் மட்டும் உண்மையாகவே வெளியே நீட்டிய சாந்து. எது கீறியது, எது செய்தது என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நாற்பது வருடமாகக் கண்ணை ஏமாற்றுகிற தொழில் செய்கிறவன் நான், என்னையே ஏமாற்றிவிட்டார்கள்.

"ஐயோ பிள்ளை" என்றேன்.

அவள் என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் நடுவில் தரையில் பதித்த ஒரு கறுப்புக் கல்லில் நிறுத்தினாள். "இப்ப பாருங்கோ." அங்கே நின்று அண்ணாந்தபோது கீறிய தூண்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக நின்றன. "இனி ரெண்டடி விலகுங்கோ." விலகினேன். அத்தனை தூணும் ஒரேயடியாக என்மேல் சாய்ந்தன. எனக்குத் தலை சுற்றி, பக்கத்து வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஆர் எங்கே நின்று பார்ப்பான் என்று யோசித்து, அந்த ஓர் இடத்துக்காக ஒரு வானத்தையே சரித்துக் கீறியிருக்கிறான் ஒருவன். அவனுக்கு எத்தனை நாள் கழுத்து நொந்திருக்கும்!

சுற்றிப் பார்த்தேன். தங்கம், சிவப்புத் தூண், சுருள், மாலை, கொழுத்த குழந்தைகள், பழக்கூடை. ஒரு சாண் இடம் வெறுமை இல்லை. "உவங்கள் என்ர கொள்கைக்காரர்!" என்று உரத்துச் சிரித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்துப் பீடத்தின் சிவப்புப் பளிங்குத் தூண் ஒன்று மினுங்கிக்கொண்டு நின்றது. நான் எந்தத் தூணைக் கண்டாலும் விரல் மொளியால் தட்டிப் பார்க்கிறவன். ரெஜிபோம் தூண் உள்ளே சட்டத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று சத்தத்தில் தெரியும். கை தன்பாட்டில் போய் டொக் டொக் என்று தட்டிவிட்டது. முன்வாங்கில் செபித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, கதவில் யாரோ வந்துவிட்டார்கள் என்ற மாதிரித் திரும்பிப் பார்த்தா. மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் எனக்குச் சத்தம் கேட்டுவிட்டது.

"பிள்ளை, உது கல்லில்லை."

"ஓம் அப்பா." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உள்ளுக்கு மரம். மேல ஜிப்சமும் பசையும் வர்ணமும் குழைச்சுப் பூசி, நாள்கணக்கில தேய்ச்சிருக்கினம். பளிங்கு கையில குளிரும். இது குளிராது."

மெதுவாக உள்ளங்கையை வைத்தேன். குளிரவில்லை. இத்தனை பெரிய கோயில், பளிங்கு பொய், வானம் பொய், பாதித் தேவதை பொய்! அது எனக்கு ஏமாற்றமாக இருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு காலமும் நான் தனியே நின்று பொய்த்தூண் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு பக்கச் சுவரில் சாரம் கட்டியிருந்தது. கடதாசியில் கையெழுத்து வைத்து, தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஏறினோம். என் முழங்காலுக்கு அது கொஞ்சம் அதிகம், ஆனாலும் மகளுக்கு முன்னால் மூச்சு வாங்கியதைக் காட்டவில்லை. மேல் தட்டில் கீழிருந்து பார்த்த தேவதைகளின் முகங்கள் என் முகத்துக்கு நேரே வந்தன. கிட்டத்தில் அவை முகங்களே இல்லை. ஒரு பச்சைக் கோடு, ஒரு சிவப்புத் தீற்று, மூக்கு என் முழங்கை நீளம். ஒரு கன்னத்தில் சாந்துக்குள் தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக் கிடந்தது. ஈரச் சாந்தில் அவசரமாகக் கீறும்போது கழன்று விழுந்திருக்கும் என்று மகள் சொன்னாள். சாந்து காயமுன் கீறி முடிக்க வேணுமாம். அந்த ஒரு மயிரை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது.

அவள் சிறிய விளக்கொன்றை எடுத்து, சாந்தால் செய்த ஒரு குழந்தைத் தேவதையின் சிறகுக்குப் பின்னால் பிடித்தாள். அங்கே, சிறகு சுவரோடு சேர்கிற மூலையில், ஒரு பெருவிரல் அடையாளம் பதிந்திருந்தது. ரேகை எல்லாம் அப்படியே தெரிந்தது.

"கீழ நிக்கிற ஒருத்தருக்கும் தெரியாத இடம்" என்றாள். "சாந்தை அமத்திப்போட்டுத் துடைக்காமல் விட்டிட்டான். இந்தக் கோயிலில எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்."

என்னையறியாமல் என் பெருவிரல் அதற்குக் கிட்டப் போனது.

"கை வைக்கப்படாது, அப்பா!"

அவ்வளவு கடுமையாக அவள் என்னோடு கதைத்ததே இல்லை. கையை இழுத்துக்கொண்டேன். அவளும் தன் பாட்டில் விளக்கை அணைத்துவிட்டாள்.

இறங்கி வந்து பெரிய பீடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவால் கூட்டிக்கொண்டு போனாள். முன்பக்கம் பொன்மலை. பின்பக்கம் சீவாத பலகை, துருப்பிடித்த ஆணி, தச்சன் பென்சிலால் போட்ட அடையாளங்கள், குறுக்கும் மறுக்கும் சட்டங்கள். முன்னால் ஆறடி உயரத்தில் நிற்கிற புனிதர்களின் முதுகைக் குடைந்து எடுத்துக் கோறையாக விட்டிருந்தார்கள். ஒட்டுநாடாவும் சோடாப் போத்தலும்தான் இல்லை. எனக்கு வந்த சிரிப்பில் வயிறு நொந்தது.

"பின்னால ஆரும் பார்க்கப் போறேல்லை எண்டு விட்டிட்டினம்" என்றாள் அவள்.

"பார்க்க ஆக்கள் இருந்திருந்தால் செய்திருப்பினம்" என்று நான் அவர்களுக்காக வக்காலத்து வாங்கினேன்.

வெளியே வரும் வழியில் பிரசங்க மேடையைக் காட்டினாள். வெள்ளை, இளநீலம், அங்கங்கே மெல்லிய பொன். சிப்பி மாதிரியும் இல்லை, இலை மாதிரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நெளிந்து நெளிந்து ஏறியது. பார்த்த உடனே எனக்குப் பிழை பிடிபட்டது. "இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி. அச்சு மாறிப்போச்சு." நான் எப்போதும் ஒரு பக்கத்தை வெட்டி, அதே அச்சைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை வெட்டுகிறவன்.

"பிழையில்லை அப்பா, வேணுமெண்டு செய்தது. உதுதான் ரொக்கோக்கோ எண்ட பாணி."

திரும்பவும் பார்த்தேன். இடது கொஞ்சம் ஏற, வலது கொஞ்சம் வழிய, ஆனால் விழவில்லை. ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு நின்றன. எவ்வளவு துணிவு வேண்டும் இதற்கு! எனக்கு அந்தத் துணிவு ஒரு நாளும் வந்ததில்லை என்பதை அங்கே நின்று ஒப்புக்கொண்டேன். மகளுக்குச் சொல்லவில்லை, மனதுக்குள்தான்.

பின்னேரம் அதே ஊரில் இருந்த சிறிய மாளிகைக்குப் போனோம். வழியில் அவள் சொன்னாள்: கோயிலைக் கட்டுவித்தது ஒரு பிரபு, அது பரொக் பாணி. மேடையைச் செய்வித்தது அவருடைய மகன். இந்த மாளிகை மண்டபம் பேரனுடையது. "பேரனுக்குத் தாத்தாவின்ர தங்கமும் தகப்பன்ர சிப்பியும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. பழைய ரோமாபுரியைத் தோண்டி எடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு, அப்பிடி நேரா, வெள்ளையா வேணும் எண்டிட்டான்."

"நீ உதை எனக்குத்தானே சொல்லுறாய்."

"ஓம்" என்றாள். ஒளிக்கவில்லை.

மண்டபத்தில் எட்டுத் தூண், நாலு சுவர், ஓர் உருண்ட கூரை. எல்லாம் வெள்ளையும் சாம்பலும். பூவில்லை, தேவதை இல்லை. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, வீட்டுச் சாமான் எல்லாம் ஏற்றிப்போன பிறகு நிற்கிற மாதிரி இருந்தது. "மிச்ச வேலைக்கு ஆக்கள் வரேல்லையோ?" என்றேன்.

"ஜன்னல் சட்டம் பார்க்கிற மாதிரிப் பாருங்கோ" என்றாள்.

தொழிற்சாலையில் சட்டம் நேரா என்று பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியில் இருந்து நீளத்துக்குப் பார்ப்பேன். அப்படியே சுவரோடு முகத்தை வைத்துப் பார்த்தேன். பின்னேர வெயில் சுவரில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு மயிரளவு மேடு இருந்தாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். நிழல் இல்லை. இருபது மீட்டர் சுவரில் ஒரு மூட்டு, ஒரு பள்ளம், ஒரு கைத்தடம் இல்லை. தூணுக்குப் போனேன். மேலே போகப் போக அது மெலிந்தது. எந்த இடத்தில் மெலியத் தொடங்கியது என்று மூன்று தரம் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூட்டுத் தெரிந்தால் பூவை ஒட்டி மறைக்கிறவன் நான். இவர்களுக்கு ஒட்டப் பூ இல்லை.

"நாள் முழுக்க நான் தங்கத்துக்குள்ளதான் நிக்கிறன் அப்பா" என்றாள் பின்னால் இருந்து. "கண்ணை மூடினாலும் சுருளும் சிறகும்தான். கலியாணத்தண்டைக்கு எண்டாலும் என்ர கண் ஆறட்டும்."

நம்பினேனா? பாதி நம்பினேன். மற்றப் பாதியில் அந்த மயில்தலை வான் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் ரயில் ஏறுமுன், "சரி, வெள்ளையாவே செய்யிறன்" என்று வாய் கொடுத்துவிட்டேன்.

வாய் கொடுத்தவன் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. ரெஜிபோமை எவ்வளவு நேராக அறுத்தாலும் இரண்டு துண்டு சேருமிடத்தில் கோடு தெரியும். சாந்து பூசினேன், தேய்த்தேன், வெள்ளை அடித்தேன், விளக்கைச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். கோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. திரும்பத் தேய்த்தேன். இரண்டு தூணை உடைத்து எறிந்தேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இதே வேலை. மனைவி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லாததைச் செய்ய உங்களுக்கு இவ்வளவு நாளோ?" என்று கேட்டா. எனக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. அந்த வெள்ளை மண்டபத்தைச் செய்தவனை நினைத்து, மாஸ்க் போட்ட வாயோடு, தேய்கடதாசியைப் பிடித்த கையோடு ஒரு கும்பிடு போட்டேன்.

ஒரு நாள் மாப்பிள்ளை உதவிக்கு வந்து நின்றார். சடங்கில் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மணவறையை மூன்று தரம் சுற்ற வேண்டும் என்றபோது அவர் தூணைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"எங்க ஊர்ல அக்னியை மட்டும்தான் சுத்துவோம் அங்கிள். இதோட பின்னாடி போயுமா சுத்தணும்? அங்க யாரு பார்க்கப் போறாங்க?"

"நீங்கள் ரெண்டு பேரும்தான் பார்ப்பியள்" என்றேன். சொல்லி முடிக்கவும் எனக்கு உள்ளே ஒரு சுவிட்ச்சைப் போட்ட மாதிரி இருந்தது. அந்தப் பீடத்தின் பின்பக்கத்தை ஒருவரும் சுற்றி வருவதில்லை. எங்கள் மணவறையை இரண்டு பேர் சுற்றி வருகிறார்கள். கலியாணத்துக்கு வந்த அத்தனை சனத்திலும் அந்த இரண்டு பேர் மட்டும். இத்தனை வருடமும் அந்த இரண்டு பேருக்கும் நான் வயரையும் ஒட்டுநாடாவையும் காட்டியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒருவருக்கும் சொல்லாமல், முன்பக்க வெள்ளையை முடிக்க முடிக்க, பின்பக்கத்தையும் தொடங்கினேன். என்னிடம் இருந்த தங்கம் முழுக்க அங்கே இறக்கினேன். யாளி வைத்தேன், மயில் வைத்தேன், மேகத்தில் இருந்து தொங்குகிற கால் ஒன்று வைத்தேன். பிரசங்க மேடையில் பார்த்த அந்தச் சிப்பியை, வாழ்க்கையில் முதல்தரம் அச்சுத் திருப்பாமல், இடம் ஒரு மாதிரி வலம் ஒரு மாதிரி வெட்டினேன். மேலே துணியில் வானமும் தூண்களும் கீறினேன். ஓர் இடத்தில் நின்று பார்த்தால் நேராகத் தெரியும்படி கீறப் பார்த்தேன். என் தூண்கள் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றன. அது என் அளவு. நிற்க வேண்டிய இடத்தில் நிலத்தில் ஒட்ட ஒரு சின்னத் தாமரையும் வெட்டி வைத்தேன்.

கலியாணத்தன்று விடிய மண்டபத்தில் மணவறையைப் பொருத்திப் பூட்டி முடித்தேன். வண்டியில் குலுங்கி வந்ததில் மயில் கழுத்தில் தங்கம் உரிந்திருந்தது. அவசரமாகப் பூசினேன். மண்டபம் குளிர், வர்ணம் காய நேரம் காணவில்லை. பின்பக்கத்துக்குப் போகிற இரண்டு வழியிலும் வாழை கட்டி மறைத்தேன்.

சனம் வந்தது. முன்பக்கத்தைப் பார்த்தது. என் காதில் விழும்படியே குசுகுசுத்தது. "அண்ணைக்கு நேரம் காணாமல் போச்சுப் போல" என்று ஒருவர் என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மகளை அழைத்து வந்தார்கள். சிவப்புக் கூறைச் சேலையோடு அந்த வெள்ளைத் தூண்களுக்கு நடுவில் அவள் வந்து இருந்தபோது, மண்டபத்தில் எல்லோருடைய கண்களும் வேறெங்கும் போக இடமில்லாமல் அவளில் போய் நின்றன. என் மயில்கள் இத்தனை வருடமும் எத்தனை பொம்பிளைகளை மறைத்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தாலி கட்டியாயிற்று. மாப்பிள்ளை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு முதல் சுற்றுக்குப் புறப்பட்டார். வாழையை விலக்கிக்கொண்டு இருவரும் பின்னால் போனார்கள். நான் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தேன். நாதஸ்வரம் வாசித்தது. அவர்கள் மற்றப் பக்கத்தால் வரவில்லை. ஐயர் திரும்பிப் பார்த்தார். "வயரில தடக்கிப்போட்டினமோ?" என்று மனைவி பதறினா. மாப்பிள்ளையின் குரல் மட்டும் கேட்டது: "ஐயோ, மேல பாரு!"

வந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். முகம் தெரியவில்லை. தங்கம் வேண்டாம் என்றவளுக்குத் தங்கத்தைக் கொண்டுபோய்த் திணித்துவிட்டேனோ? அப்பன் திருந்த மாட்டான் என்று நினைக்கிறாளோ? இரண்டாம் சுற்று இன்னும் நேரமெடுத்தது. மூன்றாம் சுற்றில் நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு வாழை விலகியது. அவள் கன்னம் முழுக்க நனைந்திருந்தது. வீட்டை விட்டுப் போகிற கவலை என்று சனமும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மணவறையில் ஏறும்போது அவள் முன்தூணில் கையை வைத்தாள். கூறை கனம், படியில் தடக்காமல் பிடிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கையை எடுத்தபோது, நான் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தேய்த்த அந்த வெள்ளையில், ஒரு பெருவிரல் அடையாளம் பொன்னில் பதிந்திருந்தது. ரேகை எல்லாம் அப்படியே தெரிந்தது. கை வைக்கப்படாது என்று என்னை அதட்டியவள், மயிலின் கழுத்தில் கை வைத்திருக்கிறாள். இருந்துகொண்டு நேரே என்னைப் பார்த்தாள். அடுத்த தெருவில் விட்ட வான், இத்தனை வருடம் கழித்து, அன்றைக்குத்தான் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. என் நெஞ்சு ஆறிவிட்டது.

படம் எடுக்கிற தம்பி கமராவை இறக்கிவிட்டு, சட்டைப்பையில் இருந்து ஒரு துணியை எடுத்தார். "அண்ணை, தூணில ஏதோ மஞ்சளாப் பிரண்டிருக்கு. படத்தில விழும். துடைச்சுவிடட்டோ?"

"கை வைக்கப்படாது!" என்று கத்தினேன்.

நாதஸ்வரம் நின்றது. மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மணவறையில் இருந்த என் மகள், கலியாணப் பொம்பிளை என்பதையும் மறந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.